காடைக்கு எல்லாமே அவசரம்

ஒரு கட்டில் போடும் இடம் இருந்தால் பத்துப் பதினைந்து காடைகள் தாராளமாக வளரும். முட்டையை அடைவைத்த 17 அல்லது 18ஆம் நாள் குஞ்சு வெளியே வந்துவிடும். அந்தக் குஞ்சே ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். கோழியின் அடைகாலமே 21 நாள். அதன் முதல் முட்டைக்கு ஏறக்குறைய ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். காடையின் லாபம் முழுவதும் இந்த வேகத்தில்தான் இருக்கிறது. தொல்லைகள் முளைப்பதும் அங்கிருந்துதான்.

வீடுகளில் வளர்ப்பது பெரும்பாலும் ஜப்பானியக் காடை. வளர்ந்த பறவை 150 முதல் 200 கிராம் இருக்கும். ஆணைவிடப் பெட்டை கனம். முட்டை 10 முதல் 12 கிராம். பார்க்கச் சிறியதுதான், ஆனால் இட்ட பறவையின் எடையில் அது 6 சதவீதம். கோழி முட்டை தாய்க்கோழியின் எடையில் 3 சதவீதம்தான். ஆண்டுக்கு 250 முட்டைக்கு மேல் இப்படி இட்டுத்தள்ளும் உடலுக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறையவே கூடாது. முட்டையிடும் காடைக்கு 20 சதவீதப் புரதமுள்ள தீவனமும், தனிக் கிண்ணத்தில் பொடித்த கிளிஞ்சலும் தேவை. கிளிஞ்சல் தீர்ந்தால் முதலில் ஓடு மெலியும். பிறகு பறவை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும்; கால்கள் தளர்வது அதனால்தான்.

தீவனக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரு காடை நாளுக்கு 25 கிராம் தின்னும். பத்துப் பெட்டைகள் 250 கிராம் தின்று எட்டு முட்டை இட்டால், கையில் கிடைப்பது 90 கிராமுக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஒன்றரைக் கோழிமுட்டை. தீவனத்தை முட்டையாக மாற்றுவதில் காடை கோழியை மிஞ்சுவதில்லை. இடமும் காலமும் மிச்சமாகும், அவ்வளவுதான். இறைச்சிக்கு வளர்ப்பவருக்கு இந்தக் காலக் கணக்கு இன்னும் சாதகம்: ஐந்தாறு வாரத்தில் பறவை தயார்.

முட்டை வருவதும் நிற்பதும் வெளிச்சத்தைப் பொறுத்தது. காடை பகலின் நீளத்தை அளப்பது கண்ணால் மட்டுமல்ல. மெல்லிய மண்டையோட்டைக் கடந்து உள்ளே போகும் ஒளியை மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒளியுணர் செல்களே பிடித்துக்கொள்கின்றன. பார்வையற்ற காடைக்கும் ஒளி நேரத்தை நீட்டினால் இனப்பெருக்க உறுப்புகள் வளர்வதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். பகல் நீண்டால் மூளை ஹார்மோன்களை ஏவும், சூலகம் விழித்துக்கொள்ளும். 12 மணி நேரத்துக்குக் கீழே போனால் அது சுருங்கத் தொடங்கும். ஆகவே நாளுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். குறைகிற நேரத்தை விடியலுக்கு முன் ஒரு சிறு விளக்கால் ஈடுகட்டுவது நல்லது. மாலையில் விளக்கைச் சட்டென அணைத்தால் பறவைகள் இருட்டில் மிரண்டு மோதிக்கொள்ளும்.

மிரண்ட காடை ஓடாது. நேர் செங்குத்தாக எழும்பும். அதனால் கூண்டின் உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் உயரத்துக்கு மேல் போக வேண்டும். முழங்கால் உயரக் கூண்டுதான் ஆபத்து: வேகம் எடுக்க இடமிருக்கும், நிற்க இடமிருக்காது, மண்டை உடையும். பக்கவாட்டுக் கம்பிவலை அரை அங்குலக் கண்ணுக்கு மேல் வேண்டாம். பெரிய கண்ணில் எலியும் பாம்பும் நுழைந்துவிடும்.

பொரித்த குஞ்சின் எடை 7 அல்லது 8 கிராம். உடல் சிறிதாகச் சிறிதாக, எடைக்கு மேற்பரப்பு அதிகம். சூடு மளமளவென்று வெளியேறும். முதல் வாரம் 35 முதல் 37 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்தால் போதும். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும்: விளக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்தில் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு. செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கி அகன்றுபோய் முடமாகும். சொரசொரப்பான துணி போடுங்கள். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டுகளை நிரப்ப மறக்காதீர்கள். விரற்கடை ஆழத்தில்கூடக் குஞ்சு மூழ்கிச் சாகும். தீவனத்தில் 24 சதவீதப் புரதம் இருக்கட்டும், அதையும் ரவைபோல் நொறுக்கிக் கொடுங்கள்.

தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்ந்ததில் பெட்டை அடை உட்காரும் பழக்கத்தையே பெரும்பாலும் இழந்துவிட்டது. குஞ்சு வேண்டுமென்றால் இன்குபேட்டர்தான். 37.5 டிகிரி, ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டைகள், 14ஆம் நாள்வரை தினமும் மூன்று முறையாவது திருப்புதல். பிறகு திருப்புவதை நிறுத்தி ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். காற்று உலர்ந்திருந்தால் உள்சவ்வு குஞ்சின்மேல் ஒட்டி அதை வெளியே விடாது.

மூன்று வாரத்தில் ஆண்பெண் தெரிந்துவிடும்: நெஞ்சு செம்பழுப்பாக இருந்தால் ஆண், கரும்புள்ளி இருந்தால் பெட்டை. மூன்று நான்கு பெட்டைக்கு ஓர் ஆண் போதும். ஆண்கள் அதிகமானால் பெட்டைகளின் தலையைக் கொத்தியே புண்ணாக்கிவிடும். சாப்பிட மட்டும் முட்டை வேண்டுபவருக்கு ஆணே தேவையில்லை.

எச்சம் தழைச்சத்து நிறைந்த உரம். பச்சையாகப் போட்டால் வேர் கருகும், காய்ந்த இலையோடு சேர்த்து மக்கவைக்க வேண்டும். கூண்டடியில் தேங்கவிட்டால் அம்மோனியா நெடி கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். அதைவிட மோசமானது குடல்புண் நோய். எச்சத்தின் வழியே பரவும் பாக்டீரியாவால் வருவது அது. கோழியைவிடக் காடையை எளிதில் பிடித்து, கூட்டமாகவே சாய்த்துவிடும். கோழி நடந்த தரையில் காடையை விடாமல், எச்சம் கீழே விழும்படி கம்பிவலைத் தளத்தில் வைப்பதும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அடித்தட்டைச் சுத்தம் செய்வதும் இதற்காகத்தான்.