எக்மோ என்ற சொல்லைக் கேட்டதும் பின்வாங்காதீர்கள்

வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இதயத் தசையில் அழற்சி வந்து, ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருந்த கல்லூரி மாணவி அவள். இதயம், நுரையீரலின் வேலையை உடலுக்கு வெளியே இருந்து தற்காலிகமாகச் செய்யும் கருவிதான் எக்மோ. அதற்குச் சம்மதம் சொல்ல அவளுடைய குடும்பத்துக்கு ஓர் இரவு முழுவதும் பிடித்தது. “அதை வைத்தவர்கள் யாராவது பிழைத்திருக்கிறார்களா டாக்டர்?” என்று பெரியப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். விடியும்போது கையெழுத்து வந்தது. அதற்குள் சிறுநீரகமும் கல்லீரலும் செயலிழந்திருந்தன. அவளைக் காப்பாற்ற முடியவில்லை. இதே கேள்வியை, இதே தாமதத்தை, அதன் பிறகும் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் எக்மோ என்ற சொல்லை முதலில் கேட்டது 2016 டிசம்பரில், முதல்வர் ஜெயலலிதாவுக்கு இதயத்துடிப்பு நின்றபோது. அடுத்து 2020-இல், பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் கோவிட்டுடன் போராடியபோது. இரண்டு முறையும் தொலைக்காட்சியில் அந்தச் சொல்லுக்குப் பின் மரணச் செய்தி வந்தது. ஆனால் முதலாவது, நின்றுபோன இதயத்துக்கு வைத்தது. இரண்டாவது, கெட்டுப்போன நுரையீரலுக்கு வைத்தது. குழாய்களைப் பொருத்தும் முறையே வேறு. இருவரின் உயிரையும் பறித்தது நோய், கருவி அல்ல. பிழைத்து நடந்து வீட்டுக்குப் போகிறவர்களைப் பற்றி எந்தத் தொலைக்காட்சியும் செய்தி போடுவதில்லை.

“செத்தவரை எக்மோவில் வைத்துப் பில் ஏற்றுகிறார்கள்” என்பதையும் அடிக்கடி கேட்கிறேன். செலவு லட்சக்கணக்கில் ஆகும், மறைக்கவில்லை. ஆனால் எக்மோவில் இருக்கும்போதே கண் விழித்து, அம்மாவின் கையைப் பிடித்து, தாகம் என்று சைகை காட்டுகிற நோயாளிகள் இருக்கிறார்கள். கண்பாவை ஒளிக்குச் சுருங்குகிறதா என்று நாள்தோறும் பலமுறை பார்க்கிறோம். மயக்க மருந்தைக் குறைத்து நினைவைச் சோதிக்கிறோம். சந்தேகம் இருந்தால் கேளுங்கள். “இன்று மூளை எப்படி இருக்கிறது? இதயம் எவ்வளவு மீண்டிருக்கிறது? எத்தனை நாள் பார்க்கப் போகிறீர்கள்?” இவற்றைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பதில் சொல்வது எங்கள் கடமை.

எக்மோ மருந்து அல்ல. எந்த நோயையும் அது குணப்படுத்தாது. இதயத்துக்காக வைக்கும்போது, தொடைச் சிரையிலிருந்து ரத்தத்தை எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, தமனி வழியாக நிமிடத்துக்கு நான்கைந்து லிட்டர் வரை திருப்பி அனுப்பும். அதனால் கிடைப்பது அவகாசம் மட்டுமே. இதயத் தசை அழற்சியில் பலருக்கு அந்த அவகாசமே போதும். சில நாட்களில் இதயம் தானாக மீளும் வாய்ப்பு உண்டு. மீளவில்லையென்றால் செயற்கை பம்ப், அல்லது மாற்று இதயம். இந்த மூன்றுக்கும் வழியில்லாத நோயாளிக்கு எக்மோ வைப்பது வேதனையை நீட்டிப்பதுதான். அங்கே வேண்டாம் என்று நாங்களே சொல்லுவோம்.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. ஜெர்மானிய மருத்துவர்கள் தலைமையில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், மாரடைப்பால் ரத்த ஓட்டம் குலைந்தவர்களுக்கு வழக்கமாகவே எக்மோ வைத்துப் பார்த்தார்கள். முப்பது நாள் இறப்பு குறையவில்லை. ரத்தக்கசிவும் கால் ரத்த ஓட்டப் பாதிப்பும்தான் கூடின. 2020-இல் மினியாபோலிஸிலிருந்து வந்த சிறிய ஆய்வு வேறொன்றைக் காட்டியது. மின்அதிர்ச்சிக்கும் கட்டுப்படாமல் துடிப்பு குலைந்தவர்களில், எக்மோ பிரிவின் 14 பேரில் 6 பேர் வீடு திரும்பினர். வழக்கமான சிகிச்சை பெற்ற 15 பேரில் ஒருவர் மட்டுமே. யாருக்கு, எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி.

எக்மோவில் வைத்துவிட்டால் மாற்று இதயத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கலாம் என்ற நினைப்பும் தவறு. வாரங்கள் நகர நகரத் தொற்றும் ரத்தக்கசிவும் பக்கவாதமும் நெருங்கும். கொடையாளரின் இதயமோ பனிக்கட்டிப் பெட்டியில் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான் தாங்கும். இதயத்தை உடலுக்கு வெளியே துடிக்கவைத்தபடியே கொண்டுசெல்லும் கருவி வந்திருக்கிறது. அதன் துணையோடு 2014-இல் சிட்னியில், ரத்த ஓட்டம் நின்று இறந்தவர்களின் இதயங்களையும் பொருத்தினார்கள். பன்றி இதயம் வைக்க முடியாதா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். 2022 ஜனவரியில் அமெரிக்காவில் வைத்தார்கள். அந்த நோயாளி இரண்டு மாதம் வாழ்ந்தார். இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. இன்று இங்கே ஒரு நோயாளிக்கு இதயம் கிடைக்கிறதென்றால், மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம் துயரத்துக்கு நடுவே சம்மதித்திருக்கிறது என்று பொருள்.

இளம் வயதில் காய்ச்சல் விட்ட சில நாட்களில் மூச்சிரைப்பு, படபடப்பு, மயக்கம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் இருந்தால் வாயு என்று சொல்லிச் சோடா கொடுக்காதீர்கள். அது இதயத் தசை அழற்சியாக இருக்கலாம். அன்றே இ.சி.ஜி.யும் எக்கோ என்ற இதய ஸ்கேனும் எடுங்கள். “இந்த மருத்துவமனையில் எக்மோ இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே, எப்போது அனுப்புவீர்கள்?” என்று ரத்த அழுத்தம் சரியாமல் இருக்கும்போதே கேளுங்கள், சரிந்த பிறகு ஆம்புலன்சில் ஏற்றுவதே ஆபத்து. குணமாகி வந்த பிள்ளையை மூன்று முதல் ஆறு மாதம் வரை, மருத்துவர் அனுமதிக்கும் வரை, மைதானத்துக்கோ ஜிம்முக்கோ அனுப்பாதீர்கள். சிறிய ஊர்களில் பணிபுரியும் மருத்துவ நண்பர்களே, அழுத்தத்தை ஏற்ற இரண்டாவது மருந்தைத் தொடங்கும்போதே எங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். நள்ளிரவானாலும் எடுப்போம்.