பக்கத்து வேரில் நீர் குடிக்கும் பூ

பச்சை இலை உள்ள செடி ஒட்டுண்ணியாக இருக்க முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முடியும், சந்தன மரமே அப்படித்தான். ஆனால் என் மனம் போவது அமெரிக்காவின் வடகிழக்குக் கடலோரப் புல்வெளியில் வளரும் அகலினிஸ் அக்யூட்டா என்ற சிறு செடியிடம். சோளக் கொல்லையைப் பாழாக்கும் சுடுமல்லியின் குடும்பம்தான். ஒரு சாண் உயரம், நூல் போன்ற இலைகள், கோடை முடிவில் இளஞ்சிவப்புப் பூக்கள். மலர்ந்த பூ அன்றே உதிர்ந்துவிடும்.

ஒளிச்சேர்க்கை செய்யத் தெரிந்த செடிதான். சிக்கல் தண்ணீரில். இது வளரும் மணல்வெளியில் மழை நின்ற கையோடு நீர் வடிந்துவிடும். இந்தக் குடும்பத்துச் செடியின் வேர், பக்கத்துப் புல்வேரின் வேதிப்பொருள்களை உணர்ந்ததும் ஓரிடத்தில் குமிழாக வீங்குகிறது. குமிழின் நுண்மயிர்கள் புல்வேரைப் பற்றிக்கொள்ள, நடுவிலிருந்து செல்கள் துளைத்து நுழைந்து புல்லின் சைலத்தோடு, அதாவது நீர் கடத்தும் குழாய்களோடு, தன் சைலத்தை இணைக்கின்றன. இதுதான் உறிஞ்சு வேர்.

சரி, நீர் ஏன் புல்லின் இலைக்குப் போகாமல் இந்தப் பக்கம் திரும்புகிறது? பம்பு எதுவும் இல்லையே! வறட்சி வந்தால் புல் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். இதுபோல் ஒளிச்சேர்க்கையும் செய்து பிற செடியிடமும் உறிஞ்சும் பகுதி ஒட்டுண்ணிகள் பொதுவாக அப்படி மூடுவதில்லை. நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். அந்த இழப்பே இழுவிசை. எந்தப் பக்கம் அதிகம் வறள்கிறதோ அந்தப் பக்கம் நீர் பாயும், தாது உப்புகளையும் சுமந்துகொண்டு. செலவழிப்பதால்தான் இதற்கு வரவு! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

1988-இல் அகலினிஸ் அக்யூட்டாவை அமெரிக்காவில் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தார்கள். இது வளரும் இடங்களில் ஒன்று, 1927-இல் விமானி லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்ட, நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டின் ஹெம்ப்ஸ்டெட் புல்வெளி; அது இன்று கட்டடங்களுக்கு நடுவே சில துண்டுகளாக எஞ்சியிருக்கிறது. தீயும் மேய்ச்சலும் நின்ற இடங்களைப் புதர் மூடிவிட்டது; வெயில் படும் வெற்று மண் இல்லாமல் இதன் பொடி விதை வேரூன்றாது. மாசசூசெட்ஸ் கடலோரத்துக் கேப் காடில் இது பிழைத்திருந்தது பழைய கல்லறைத் தோட்டங்களில். சிலர் பேய்க்குப் பயந்து ஒதுங்கும் இடத்தில், ஆண்டுதோறும் புல் வெட்டியவர்கள் தம்மை அறியாமல் ஒரு பூவைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஓராண்டுச் செடி என்பதால் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு ஏறி இறங்கும். இதைக் காக்க இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் நிதி கொடுத்துவிட்டு முடிவு கேட்பது நியாயமில்லை என்பேன். புல் வெட்டும் நாளைக்கூடக் கணக்குப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும்: விதை உதிரும் முன் கத்தி பட்டால், அந்த ஆண்டின் விதை முழுவதும் வெட்டிய புல்லோடு போய்விடும்.