வெள்ளைப்படுதல் முதல் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை வரை: அரசு மருத்துவமனையில் பெண்களுக்கு என்ன கிடைக்கும்?

என் சித்தி மூன்று வருடம் வெள்ளைப்படுதலோடு காலம் தள்ளினார். வெந்தயத்தை ஊற வைத்துக் குடித்தார். உடம்பு சூடு என்று நினைத்து வாரம் இருமுறை எண்ணெய் தேய்த்துக் குளித்தார். மருந்துக்கடையில் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு, பக்கத்து வீட்டு அக்காவை அனுப்பி மாத்திரை வாங்கினார். எதற்கும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனபோது, "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு? கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று தேதியே குறித்துக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு அப்போது வயது 41. அதன் பிறகுதான் எனக்குப் போன் போட்டார்.

மறுநாள் அவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். அங்கே நடந்ததைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். இந்த மாதிரிப் பிரச்சினைகளுக்கென்றே இலவசமாக, தனி அறையில், பெயர் வெளியே போகாமல் சிகிச்சை தரும் ஏற்பாடு தமிழ்நாட்டில் பல வருடங்களாக இருக்கிறது. அது தெரியாமல்தான் சித்தி மாதிரி எத்தனையோ பேர் வெந்தயத் தண்ணீரோடு நாளைக் கடத்துகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். எல்லா வெள்ளைப்படுதலும் நோய் கிடையாது. இரண்டு மாதவிடாய்க்கு நடுவில், கருமுட்டை வெளிவரும் நாட்களில், முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடும் நீர் வருவது உடம்பின் இயல்பு. கர்ப்ப காலத்திலும் கொஞ்சம் அதிகமாக வரும். வாடை, அரிப்பு, எரிச்சல், வலி இல்லாதவரை கவலை வேண்டாம். தயிர்த் திப்பி போலக் கெட்டியாக வந்து அரிப்பு தாங்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. சாம்பல் நிறத்தில், மீன் வாடையோடு வந்தால், வழக்கமாக அங்கே இருக்கும் நல்ல கிருமிகள் குறைந்து வேறு கிருமிகள் பெருகியிருக்கின்றன என்று பொருள். மஞ்சளோ பச்சையோ கலந்து நுரையாக வந்தால் அது உடலுறவு வழியாகத் தொற்றும் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் தொற்று கர்ப்பப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறியிருக்கக் கூடும். இதைக் கவனிக்காமல் விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். பிறகு குழந்தை நிற்பதே சிரமமாகும், இல்லையென்றால் கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து வரும்.

இதில் முதல் இரண்டும் கணவர் மூலமாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. சோப்பும் டெட்டாலும் போட்டு உள்ளே கழுவுவதால்கூட நல்ல கிருமிகள் அழிந்து தொந்தரவு வரும். வெறும் தண்ணீரில் வெளிப்பகுதியைக் கழுவினால் போதும். வெள்ளைப்படுகிறது என்று மருமகள் சொன்னவுடன் அவள் மேலோ மகன் மேலோ சந்தேகப்படும் பெரியவர்கள் இதை ஒருமுறை படித்தால் நல்லது.

சரி, எங்கே போவது?

பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகலாம். அங்குள்ள மருத்துவரே இந்தத் தொற்றுகளுக்கு மருந்து தருவார். தாலுகா, மாவட்டத் தலைமை மருத்துவமனை என்றால் மகளிர் நோய்ப் பிரிவு உண்டு. அது தவிர, அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் பால்வினை நோய்களுக்கான சிறப்பு மையம் இயங்குகிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோவின் திட்டம் அது. நாடு முழுக்க 'சுரக்ஷா கிளினிக்' என்பது அதன் பெயர், நம் ஊரில் 'சுகவாழ்வு மையம்' என்ற பலகையைப் பார்க்கலாம். எச்.ஐ.வி. ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் இருப்பது 'நம்பிக்கை மையம்'. இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டதே 1986இல் சென்னையில்தான். நாட்டிலேயே முதல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994இல் தமிழ்நாட்டில் தொடங்கியது. அந்த அனுபவத்தில் வளர்ந்த ஏற்பாடு என்பதால், ரகசியம் காக்கும் பழக்கம் இங்கே கொஞ்சம் ஊறிப் போயிருக்கிறது.

பால்வினை என்ற சொல்லைப் பார்த்ததும் பல பெண்கள் வாசலிலேயே திரும்பி விடுகிறார்கள். அங்கே கல்யாணமான பெண்கள், கணவரை இழந்தவர்கள், கல்லூரி மாணவிகள் என்று எல்லோரும் வருகிறார்கள். ஓ.பி. சீட்டு போடுகிற இடத்தில் எல்லோர் காதிலும் விழ நோயைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. "லேடி டாக்டரைப் பார்க்கணும்" என்று சொன்னாலே சீட்டு கிடைக்கும். சித்தி ஒரு காரியம் செய்தார். எனக்குப் பிடித்திருந்தது. தன் தொந்தரவை ஒரு தாளில் எழுதி நான்காக மடித்து வைத்திருந்தார். டாக்டர் கேட்டதும் வாயைத் திறக்காமல் அந்தத் தாளை நீட்டினார். டாக்டர் படித்துவிட்டு, வாசலில் நின்ற ஆட்களை நகரச் சொல்லி, திரையை இழுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

பரிசோதனை முடிவு வரட்டும் என்று பத்து நாள் அலைய விடுவதில்லை. அறிகுறிகளைக் கேட்டு, நேரில் பார்த்து, அந்த அறிகுறிக்கு எந்தெந்தக் கிருமிகள் காரணமாக இருக்க முடியுமோ அத்தனைக்கும் சேர்த்து அன்றைக்கே மருந்து கொடுப்பதுதான் முறை. இதற்காக நாக்கோ வகுத்ததுதான் வண்ண உறைகள். மொத்தம் ஏழு. யோனித் தொற்றுக்குப் பச்சை, கர்ப்பப்பை வாய்த் தொற்றுக்குச் சாம்பல், அடிவயிற்றுத் தொற்றுக்கு மஞ்சள், கொப்புளம் கொப்புளமாக வரும் அக்கிப் புண்ணுக்குச் சிவப்பு என்று நோய்க்கு ஒரு நிறம். பச்சை உறையில் இருப்பது ஒரே வேளையில் முடிந்துவிடும் மாத்திரைகள். மஞ்சள் உறை 14 நாள். நடுவில் குணமானது போல இருந்தாலும் நிறுத்தக் கூடாது, பாதியில் விட்டால் கிருமி மீண்டும் கிளம்பும். கர்ப்பமாக இருந்தாலோ, மாதவிடாய் தள்ளிப் போயிருந்தாலோ, பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றாலோ மருந்து வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், உறையே மாறும். நிறத்தை நினைவில் வைத்துக்கொண்டு மருந்துக்கடையில் அதையே கேட்டு வாங்கவும் வேண்டாம். பார்க்க ஒன்று போல இருக்கும் தொந்தரவுக்கு மருந்து வேறாக இருக்கும்.

சில தொற்றுகளுக்குக் கணவருக்கும் மருந்து உண்டு. அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் அவர் சாப்பிடவில்லை என்றால் ஒரு மாதத்தில் உங்களுக்குத் திரும்பவும் வரும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் சிகிச்சை அறுந்து போகிறது. "எனக்கு எதுக்கு மாத்திரை?" என்று கேட்கும் ஆளிடம் எப்படிச் சொல்வது என்பதற்கும் அங்கே ஆலோசகர் இருக்கிறார். அவரிடம் கேளுங்கள். நீங்கள் விரும்பினால் கணவரை வரச்சொல்லி அவரே பேசுவார். மருந்து முடியும்வரை ஆணுறை அவசியம், அதுவும் அங்கேயே இலவசம்.

இப்போது சித்தி கதை. டாக்டர் பார்த்துவிட்டுப் பூஞ்சைத் தொற்று என்றார். "திரும்பத் திரும்ப வருதா? சுகர் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். பார்த்ததே இல்லை. அன்றைக்கே பார்த்ததில் சாப்பிட்ட பின் சர்க்கரை 280க்கு மேல். மூன்று வருடமாக அரிப்பு வருவதும் போவதுமாக இருந்ததற்கு அதுதான் காரணம். சர்க்கரைக்கு மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் தொந்தரவு அடங்கியது. கர்ப்பப்பை இருந்த இடத்தில் பத்திரமாக இருக்கிறது. சர்க்கரை மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலமாக வீட்டுக்கே வருகிறது.

கர்ப்பப்பையை எடுப்பது பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வெள்ளைப்படுதலுக்கு அது சிகிச்சை கிடையாது. தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றுவதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்கு அப்படி நடந்தது குறித்த வழக்கில், எல்லா மாநிலங்களும் அதை மூன்று மாதத்துக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. யாராவது "எடுத்துடலாம்" என்றால், ஏன், வேறு வழி என்ன என்று கேளுங்கள். இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. அதற்காக உங்கள் ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாவற்றையும் கேட்டு வாங்கலாம்.

உரிமை என்று சொன்னேன் இல்லையா, இன்னும் இரண்டு உண்டு. ஆண் மருத்துவர் உடலைப் பரிசோதிக்கும்போது கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இது இருக்கிறது. இரண்டாவது, எச்.ஐ.வி. பரிசோதனை. இதற்கென்றே வந்த 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் அந்தப் பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை ஊருக்குச் சொல்லக் கூடாது, தொற்று இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சை மறுக்கவும் கூடாது. கர்ப்பிணிகளுக்கு முதல் பதிவின்போதே எச்.ஐ.வி.யும், சிபிலிஸ் என்ற பால்வினைத் தொற்றும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். தயங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிபிலிஸைக் கவனிக்காமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகலாம். உரிய நேரத்தில் போடும் பென்சிலின் ஊசி அதைத் தடுக்கிறது.

முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது: கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. 30 முதல் 65 வயதுவரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவு சிஸ்டரே செய்வார். தமிழ்நாட்டில் இது தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. படுக்க வைத்து, சிறு கருவியால் யோனியை விரித்து, பஞ்சில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் மாதிரியான திரவத்தை, கர்ப்பப்பை வாயில் தொட்டு வைப்பார். ஒரு நிமிடம் காத்திருப்பார். லேசான குளிர்ச்சியோ எரிச்சலோ தெரியும், அவ்வளவுதான். அந்த இடம் வெள்ளையாக மாறினால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். அயோடின் தொட்டும் பார்ப்பார்கள். அப்போது ஆரோக்கியமான திசு அடர்பழுப்பாகும், மாறுதல் உள்ள இடம் கடுகு மஞ்சளாகவே நிற்கும். அதே நேரத்தில் மார்பகத்தையும் தடவிப் பார்த்துவிடுவார். மாதவிடாய் நாட்களில் போக வேண்டாம், மற்ற எந்த நாளும் போகலாம்.

"பாசிட்டிவ்" என்று சொன்னால் புற்றுநோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் மறுபடி பார்த்து, தேவைப்பட்டால் சிறு சதை எடுத்துச் சோதிப்பார்கள். அதற்குப் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். புற்றாக மாறுவதற்குப் பல வருடம் முன்பே இந்த மாறுதல் தெரிந்துவிடும். அந்தக் கட்டத்தில் சூட்டாலோ குளிராலோ அந்த இடத்தை மட்டும் அழித்துவிட முடியும். எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடும் பெண்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வீட்டில் பெண்பிள்ளைகள் இருந்தால்: 10 முதல் 19 வயதுவரை 'புதுயுகம்' திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 3 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 நாப்கின் இலவசம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது. 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அதைப் படிப்படியாக இலவசமாகப் போட, 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. பள்ளியிலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ விசாரியுங்கள். தடுப்பூசி போட்ட பெண்ணும் 30 வயதானதும் பரிசோதனைக்கு வரத்தான் வேண்டும், எல்லா வகை வைரஸையும் ஊசி தடுப்பதில்லை.

எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104க்குப் போன் செய்து கேட்கலாம். எச்.ஐ.வி., பால்வினைத் தொற்று பற்றிய கேள்வி என்றால் 1097. இரண்டும் கட்டணமில்லாத எண்கள்.

சில அறிகுறிகளுக்கு நாள் பார்க்கக் கூடாது. உடலுறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்துச் சிறு கறையாகவாவது ரத்தம், ரத்தமோ துர்நாற்றமோ கலந்த நீர் போன்ற கசிவு என்றால் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். நாள் தள்ளிப் போயிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்தும் வலியோ மயக்கமோ வந்தால், காலை ஓ.பி.க்குக் காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். கரு குழாயில் தங்கி வெடிக்கும்போது வரும் வலி அப்படித்தான் இருக்கும்.