நிறம் போனால் போதுமா? சாயக் கழிவுநீர் விதியும் உங்கள் உரிமையும்

வாய்க்கால் தண்ணீர் சிவப்பாக ஓடினால் ஊரே கூடிவிடும். நிறமில்லாமல் ஓடினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் கரையில் விவசாயம் பார்ப்பவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். அங்கே மண்ணையும் கிணற்றையும் கெடுத்ததில் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. உப்புக்கு நிறம் கிடையாது.

சாயப்பட்டறை தொடங்கவும் நடத்தவும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (அனுமதி ஆணை) வேண்டும். 1974-ம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், பிரிவு 25 சொல்வது இது. எவ்வளவு தண்ணீர், எந்தத் தரத்தில், எங்கே போகலாம் என்ற நிபந்தனைகள் எல்லாம் அந்த ஆணையில் இருக்கும். ஜவுளித் துறைக்கென மத்திய அரசு 2016-ல் அறிவித்த அளவுகளில் நிறத்துக்கு 150 அலகு என்று ஓர் எல்லை உண்டு. அதோடு, லிட்டருக்கு பி.ஓ.டி. (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 30 மில்லிகிராம், சி.ஓ.டி. (அதை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250, கரைந்த உப்பு 2,100, குரோமியம் 2 ஆகியவற்றைத் தாண்டக் கூடாது. திருப்பூரில் இதைவிடக் கடுமை: ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது. அதை நிறைவேற்றாததால்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கிருந்த சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது.

சரி, "எங்களிடம் உயிரியல் சுத்திகரிப்பு இருக்கிறது" என்று ஒரு பட்டறை சொன்னால் என்ன புரிந்துகொள்ள வேண்டும்? நல்ல முறைதான், வரவேற்க வேண்டியதுதான். காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் ஜாடியில் மொண்டு அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். பழுப்பு நிறச் சேறு மெல்லத் திரண்டு அடியில் இறங்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும். அந்தச் சேற்றில் நிறைய உயிருள்ள பாக்டீரியாக்கள் இருக்கின்றன. கழிவில் உள்ள கரிமப் பொருளைத் தின்று பி.ஓ.டி.யைக் குறைப்பவை அவைதான்.

ஆனால் சாயம் அவற்றுக்கு எளிதான தீனி அல்ல. பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பில் ஒட்டிக்கொள்ளும் ரியாக்டிவ் சாயங்களில் பெரும்பாலானவை 'அசோ' வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்களின் இரட்டைப் பிணைப்புதான் அவற்றுக்கு நிறம் தருகிறது. காற்று நிறைந்த தொட்டியில் அந்தப் பிணைப்பு எளிதில் உடையாது. காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியாக்கள் உடைத்துவிடும், நிறமும் போய்விடும். அப்போது மிஞ்சுபவை அரோமேடிக் அமீன்கள் என்ற வேதிப்பொருட்கள். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. அதனால் காற்றில்லாத தொட்டிக்கு அப்புறம் காற்றூட்டும் தொட்டி கட்டாயம் வேண்டும், அமீன்கள் அங்கேதான் சிதையும். முதல் தொட்டியோடு நிறுத்திவிட்டு, வெளுத்துப்போன தண்ணீரைக் காட்டி 'சுத்தமாகிவிட்டது' என்று சொல்வது மக்களின் உயிரோடு விளையாடுவது. இன்னொரு வழியும் உண்டு: மரத்தை அரிக்கும் வெண்பூஞ்சைகளின் நொதிகள் சாய மூலக்கூறையே சிதைக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் நன்றாக வேலை செய்யும் அந்த முறையை, நாள் முழுக்கக் கழிவு ஓடிவரும் ஆலையில் மற்ற பாக்டீரியாக்களின் போட்டிக்கு நடுவே நிலைநிறுத்துவது சிரமம்.

உப்பை எந்த பாக்டீரியாவும் தின்னாது. சாயம் துணியில் ஏறக் கொட்டும் உப்பு அப்படியே கழிவில் வரும். அதைப் பிரிக்க, நுண்ணிய சவ்வு வழியே நீரை அழுத்தி வடிகட்டும் ஆர்.ஓ.வும், அதில் ஒதுங்கும் அடர் உப்புநீரைக் காய்ச்ச ஆவியாக்கியும் வேண்டும். மின்சாரமும் எரிபொருளும் அதிகம் செலவாகும் கட்டம் இதுதான். செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர் முதலில் கைவைக்கும் இடமும் இதுவாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. இசைவாணை நிபந்தனைகளுக்கு வாரியம் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் அதைப் பார்க்கலாம் என்று பிரிவு 25-லேயே இருக்கிறது. புகாரில் நாள், நேரம், இடம், புகைப்படம் இருக்கட்டும். வாய்க்காலில் நீங்களே பாட்டிலில் பிடித்துத் தனியார் ஆய்வகத்தில் சோதித்த முடிவைப் புகாரோடு இணைக்கலாம், ஆனால் இந்தச் சட்டப்படி வழக்குத் தொடர அது மட்டும் போதாது. வாரிய அதிகாரி பிரிவு 21-ன்படி மாதிரி எடுக்க வேண்டும்: பட்டறைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஆகவே 'பிரிவு 21-ன்கீழ் மாதிரி எடுக்கக் கோருகிறேன்' என்று புகாரிலேயே எழுதிவிடுங்கள். நிறம் மட்டும் போதாது, சி.ஓ.டி.யும் கரைந்த உப்பும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வாரியம் அசையவில்லை என்றால், பிரிவு 49-ன்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நீங்களே குற்றவியல் நடுவரிடம் போகலாம். அப்படிப் போகும்போது வாரியம் தன்னிடமுள்ள அறிக்கைகளைக் கேட்டால் தர வேண்டும். பொதுநலனுக்கு எதிரானது என்று கருதினால் மட்டுமே மறுக்கலாம். பயிர், கிணறு, உடல்நலம் கெட்டதற்கு இழப்பீடு வேண்டுமென்றால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை 5 ஆண்டுகளுக்குள் அணுக வேண்டும். இழப்பீடு கேட்காமல், நடக்கும் மாசை நிறுத்தச் சொல்லி மட்டும் போகிறீர்கள் என்றால் கெடு 6 மாதம்தான். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும்.