குர்லாவுக்கு மேலே நிற்க இடமில்லை

சாயங்காலம் துணி எடுக்க மும்பை செம்பூரில் எங்கள் மொட்டைமாடிக்குப் போனால், வடகிழக்கே தாணே கழிமுகத்துக்கு மேல் இறங்க வரும் விமானங்களின் விளக்குகள் தெரியும். ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, இன்னும் பின்னால் மங்கலாக மூன்றாவது. யாரோ அளந்து வைத்ததுபோல் இடைவெளி. உண்மையிலேயே அளந்துதான் வைக்கிறார்கள்.

மும்பை விமான நிலையத்தின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. அதனால் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பயன்படுகிறது. நெரிசல் வேளையில் மணிக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் அதில் ஏறி இறங்க வேண்டும். லோக்கல் ரயிலானால் சிக்னல் கிடைக்காமல் குர்லா ஸ்டேஷனுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கலாம் (நிற்கவும் செய்கிறது, தினமும்). விமானம் நிற்க முடியாது.

இந்த விமானங்களை வரிசைப்படுத்துபவர் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. அவர் ரேடார் திரைக்கு முன்னால் இருக்கும் 'அப்ரோச்' கட்டுப்பாட்டாளர். ஒரு விமானியை வேகமாக வரச் சொல்வார், இன்னொருவரைச் சற்றுத் திரும்பிச் சுற்றி வரச் சொல்வார், மூன்றாமவரை உயரத்திலேயே இருக்கச் சொல்வார். விமான நிலையத்தை நெருங்குகையில் இரு விமானங்களுக்கிடையே பொதுவாகக் குறைந்தது 3 கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர் வேண்டும். முன்னே போவது போயிங் 777, பின்னே வருவது ஏர்பஸ் ஏ320 என்றால் அது 5 கடல் மைலாகும். பெரிய விமானத்தின் இறக்கை நுனிகளில் கிளம்பும் காற்றுச் சுழல்கள் சிறியதைப் புரட்டிவிடக்கூடும்.

ஓடுபாதையை நெருங்கியதும் விமானம் கோபுரத்தின் பொறுப்புக்கு மாறுகிறது. இரண்டு இறக்கங்களுக்கு நடுவே ஓர் ஏற்றத்தை நுழைப்பது அங்கே நடக்கும் வேலை. 6 கடல் மைல் இடைவெளி என்பது, 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) வேகத்தில், ஏறத்தாழ இரண்டரை நிமிடம். அதற்குள் இறங்கியவர் விலக வேண்டும், காத்திருப்பவர் ஓடுபாதைக்குள் வந்து பறந்துவிட வேண்டும். ஒருவர் தாமதித்தாலும் பின்னால் வருபவரை மறுபடி மேலே ஏற்றிச் சுற்றி வரச் சொல்வதுதான் வழி.

இத்தனையும் குரலால் நடப்பதால் சொல்லுக்கும் கட்டுப்பாடு உண்டு. 1977-இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலைய ஓடுபாதையில் மூடுபனிக்குள் இரண்டு போயிங் 747-கள் மோதி 583 பேர் இறந்தார்கள். வானொலிப் பேச்சைத் தவறாகப் புரிந்துகொண்டதும் அதற்கு ஒரு காரணம். இப்போது புறப்பட அனுமதி தரும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர 'டேக்-ஆஃப்' என்று சொல்வதில்லை. மற்ற வேளைகளில் 'டிபார்ச்சர்'.