கேரக்டர், பாத்திரம், கதைமாந்தர்: எது எதற்கு?

சினிமா டிஸ்கஷனில் நாள் முழுக்க அடிபடும் சொல் ‘கேரக்டர்’. “அப்பா கேரக்டர் ஒட்டலை” என்றால் கதையில் வரும் ஆள். “அவர் கேரக்டர் ரோல்தான் பண்ணுவார்” என்றால் நாயகன் அல்லாத வேடம். பெண் கொடுக்குமுன் “பையன் கேரக்டர் எப்படி?” என்று விசாரித்தால் நடத்தை. கணினியில் அதுவே ஓர் எழுத்து. அங்கே ‘வரியுரு’ என்று அழகாகத் தமிழாக்கிவிட்டார்கள்.

நான்குக்கும் வேர் ஒன்றே. கீறுதல், பொறித்தல் என்னும் கிரேக்க வினையிலிருந்து ‘கராக்டேர்’ வந்தது. பொறிக்கும் கருவிக்கும், நாணயத்தில் விழும் முத்திரைக்கும் அதுவே பெயர். அரிஸ்டாட்டிலுக்குப் பின் அவர் பள்ளியை நடத்திய தியோஃபிராஸ்டஸ், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் 30 வகை மனிதர்களைத் தீட்டி, நூலுக்கு இச்சொல்லையே தலைப்பாக்கினார். அதில் வரும் கோழையைப் பாருங்கள். கப்பலில் போனால் தூரத்துப் பாறைமுனை அவனுக்குக் கொள்ளையர் கப்பலாகத் தெரியும். போர் மூண்டதும் வாளை மறந்துவிட்டதாகச் சொல்லிக் கூடாரத்துக்கு ஓடுவான். வாளைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டு, தேடுவதுபோல் நேரத்தைக் கடத்துவான். அப்படியே கேமராவை வைத்து எடுக்கலாம்.

நம் ‘பாத்திரம்’ வடமொழிச் சொல். ‘பா’ என்றால் குடித்தல். குடிக்க உதவும் கலம் பாத்திரம். நடிகனை ஏன் அப்படி அழைத்தார்கள் என்பதற்கு நாட்டிய சாத்திர உரைகாரர் அபிநவகுப்தர் சொல்லும் காரணம் சுவையானது: மதுவின் ருசி கிண்ணத்துக்குத் தெரியாது, குடிப்பவருக்கே தெரியும், நடிகன் கிண்ணம், சுவைப்பவர் பார்வையாளர். ஆகவே நடிகர் ஏற்பதைப் பாத்திரம் என்பது பொருத்தம். தாளில் இருக்கும் ஆளுக்குக் ‘கதைமாந்தர்’ நல்ல தமிழ். அது பன்மை, ஒருவரைக் குறிக்கக் ‘கதைமாந்தருள் ஒருவர்’ என்று சுற்றி வளைக்க வேண்டியிருப்பதுதான் இடைஞ்சல். அந்த இடத்தில் ‘கதாபாத்திரம்’ என்று எழுதுவதில் குற்றமில்லை. கிரேக்க வேருக்கு மிக நெருங்கிய சொல் ‘குணச்சித்திரம்’. அதைத் துணை நடிகர்களின் அடைமொழியாக்கிவிட்டது நம் கஞ்சத்தனம்.

சொல் குழம்பினால் எழுத்தும் குழம்பும். “முத்துராக்கு, 52, மெஸ் நடத்துபவர். கோபக்காரர், ஆனால் நல்ல மனசு” என்று ஸ்கிரிப்டில் எழுதியதும் கேரக்டர் முடிந்ததாக நினைக்கிறோம். வயதையும் தொழிலையும் படமெடுக்கலாம். ‘நல்ல மனசு’ எந்த லென்ஸிலும் விழாது. ‘கோபக்காரர்’ என்பதற்கு நடிகர் பத்து சீனிலும் கத்துவார். பத்தும் ஒரே சீனாகிவிடும்.

இங்கே தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கைகொடுக்கும். உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரிவதே மெய்ப்பாடு. திரைக்கதைக்கும் அதுவே வேலை. எட்டு மெய்ப்பாட்டில் ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நந்நான்கு காரணம் தருகிறது அந்த இயல். வெகுளிக்கு, அதாவது கோபத்துக்கு: “உறுப்பறை குடிகோள் அலை கொலை.” அதாவது உறுப்பைச் சிதைத்தல், சுற்றத்துக்குக் கேடு சூழ்தல், அடித்து அலைத்தல், கொலை. கொலை என்பதற்குப் பேராசிரியர் என்னும் பழைய உரைகாரர் தரும் விளக்கம் எதிர்பாராதது: ஒருவரின் அறிவையும் புகழையும் கொன்று பேசுதல்.

முத்துராக்குவுக்கு இந்த நான்காவதை மட்டும் கொடுங்கள். மூன்று மாதப் பாக்கி வைத்தவன் வந்தால் இலை போடுகிறார். குடித்துவிட்டு வந்தவன் சட்டையைப் பிடித்தால் கையை விலக்கிவிட்டு மோர் ஊற்றுகிறார். ஒரு கல்லூரிப் பையன் சாம்பாரை முகர்ந்து, “நேத்து மிச்சமாண்ணே?” என்கிறான். அவர் கத்தவில்லை. வாளியைக் கொண்டுபோய் வாசல் சாக்கடையில் கவிழ்க்கிறார். இன்னும் பன்னிரண்டு பேர் இலையில் வெறும் சோற்றோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வசனம் தேவையில்லை. அவர் கோபக்காரரா, எதற்குக் கோபப்படுவார், அதற்காக எவ்வளவு இழப்பார் என்பதெல்லாம் அந்த வாளியில் இருக்கிறது.

இதைத் தீர்மானித்தபின் அதை மீறக்கூடாது. இடைவேளைக்கு ஒரு சண்டை வேண்டுமே என்று, யாரோ தள்ளிவிட்டதற்கு அவரைக் கையோங்க வைத்தால் பார்ப்பவருக்கு உறுத்தும். மாந்தர் நிலையற்றவரானாலும் அந்த நிலையின்மை சீராக இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் சொன்னது இதைத்தான்.

வசனத்தில் தமிழுக்கென்று ஓர் உளி உண்டு: விளிக்கும் முறை. பையனை “வாங்க தம்பி” என்று வரவேற்றவர், வாளியைக் கவிழ்த்த மறுநாள் “வா” என்கிறாரா, “வாங்க சார்” என்கிறாரா? இரண்டாவதே அதிகம் சுடும்.