சுவிட்சில் பிங் போகுது, கம்ப்யூட்டரில் ஏன் போகவில்லை?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடை, குடோன் கப்பலூரில். நடுவே லீஸ்டு லைன் (இரண்டு இடத்தையும் இணைக்க வாடகைக்கு எடுத்த தனி லைன்), இரண்டு முனையிலும் லேயர் 3 சுவிட்ச் (ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு வழி காட்டும் சுவிட்ச்). தீபாவளி நெருக்கத்தில் கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, காலையிலிருந்து குடோன் ஸ்டாக் எதுவும் பில்லிங்ல வரமாட்டேங்குது. நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு."

போய்ப் பார்த்தேன். கடை சுவிட்சில் ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதி வைக்கும் வழி) சரியாகவே இருந்தது: குடோனின் 192.168.20.0 நெட்வொர்க்குக்கு வழி, லைனின் குடோன் முனையான 10.10.10.2. சுவிட்சிலிருந்து குடோன் சர்வருக்கு பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) அடித்தால் பதில் வருகிறது. பக்கத்து பில்லிங் கம்ப்யூட்டரிலிருந்து அடித்தால் வரவில்லை. இந்த இடத்தில்தான் பலர் கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட்டு கேபிளை மாற்ற ஆரம்பிக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சுவிட்ச் தானே பிங் அனுப்பும்போது, பாக்கெட் வெளியேறும் லிங்க்கின் முகவரியைத்தான், அதாவது 10.10.10.1-ஐத்தான், அனுப்புநராகப் போடும். அந்த லிங்க் குடோன் சுவிட்சோடு நேரடியாகச் சேர்ந்தது. அதனால் பதில் வந்துவிடும். பில்லிங் கம்ப்யூட்டரோ 192.168.10.25. அந்த நெட்வொர்க்குக்கு எப்படிப் போவது என்று குடோன் சுவிட்சில் ஒரு வரிகூட இல்லை. இருந்தது டீஃபால்ட் ரூட் (தனி வழி எழுதப்படாத எல்லாவற்றுக்குமான பொது வழி) மட்டும், அதுவும் குடோனின் பிராட்பேண்ட் ரவுட்டரைக் காட்டியது. பதில்கள் எல்லாம் அந்தப் பக்கம் போய்த் தொலைந்தன, 192.168 என்று தொடங்கும் முகவரிக்கு இணையத்தில் வழியே கிடையாது.

ஸ்டாட்டிக் ரூட் ஒரு திசைக்கு மட்டுமே. திரும்பி வர எதிர்முனையிலும் எழுத வேண்டும். சோதிக்கும்போது சோர்ஸ் (அனுப்புநர்) முகவரியாகக் கடை நெட்வொர்க்கின் கேட்வேயை, அதாவது அந்த நெட்வொர்க்கில் கடை சுவிட்சுக்கு உள்ள முகவரியை, கொடுத்து பிங் அடியுங்கள், உண்மை தெரிந்துவிடும்.

குடோன் சுவிட்சில் ஒரே வரி சேர்த்தேன்: ஐபி ரூட் 192.168.10.0 255.255.255.0 10.10.10.1. டீஃபால்ட்டை விடக் குறிப்பான ரூட் என்பதால் சுவிட்ச் இதையே எடுக்கும். ஸ்டாக் வந்துவிட்டது.

சரி, நேற்று எப்படி ஓடியது? இதே வரியை முன்பு யாரோ அடித்துவிட்டு சேவ் செய்யாமல் போயிருக்கிறார்கள். இரவு கரண்ட் போய், யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து, சுவிட்ச் புதிதாகக் கிளம்பியபோது அந்த வரி இல்லை. சேமித்த கான்ஃபிகில் இருப்பது மட்டும்தான் மிஞ்சும்.

ரைட் மெமரி (சேவ் செய்யும் கட்டளை) கொடுத்தேன். அப்புறம் கடை அடைக்கும்வரை காத்திருந்து, குடோன் ஆளிடம் சொல்லி சுவிட்சை அணைத்துப் போடச் சொன்னேன். அது எழுந்த பிறகு, பில்லிங் கம்ப்யூட்டரில் பதில் வருவதைக் கடைக்காரரையே பார்க்க வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.